26 மில்லிமீட்டர் எறும்பு: இது எந்த இனம்?

பதிவு 1 | பொடிநடை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாக ஒரு சிறிய எறும்புக் குடும்பத்தை வளர்த்து வருகிறேன். அதிலுள்ள வேலைக்கார எறும்புகளில் ஒன்றுகூட 4 மில்லிமீட்டரைத் தாண்டியதில்லை. நேற்று முன்தினம் மழை பெய்து ஓய்ந்த பிறகு, இரவில் விளக்கொளி விழும் சுவரோரமாகக் கன்னங்கரேலென்று ஒற்றை எறும்பு ஒன்று நடந்து போவதைக் கண்டேன். தோற்றத்தில் கட்டெறும்பைப் போலத்தான் இருந்தது. ஆனால் நான் இதுவரை பார்த்த எந்தக் கட்டெறும்பையும்விட மிகப் பெரியது. சோதனைக்குழாய்க்குள் ஏறவிட்டு, குழாயை அளவுகோலின் மேல் வைத்து மேலிருந்து படம் எடுத்துப் பார்த்ததில் 26 மில்லிமீட்டர் வருகிறது. சிறகுகள் இல்லை. இடுப்பில் இரண்டு மேடுகள் இருப்பதுபோல் தெரிகிறது. படம் சற்றுக் கலங்கலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இது எந்த இனம் என்று சொல்ல முடியுமா?

பதிவு 2 | நள்ளிரவு உலாவி

26 மில்லிமீட்டர் என்றால் எனக்கு ஐயமே இல்லை, இது டைனோமிர்மெக்ஸ் ஜைகாஸ்தான். அதன் சாதாரண வேலைக்கார எறும்பு 20 மில்லிமீட்டரை ஒட்டியும், பெருந்தலைக் காவல் எறும்பு 28 மில்லிமீட்டரை ஒட்டியும் இருக்கும். உங்கள் அளவு இரண்டுக்கும் நடுவே சரியாக விழுகிறது. இரவில் நடமாடும் பழக்கமும் பொருந்துகிறது. இல்லையென்றால் புல்லட் எறும்பாக இருக்கலாம். எதுவானாலும் வெறுங்கையால் தொட வேண்டாம்.

பதிவு 3 | இடைக்கணு

நீளத்தை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லப் புகுவது எனக்கு உடன்பாடில்லை. முதலில் எந்தக் கண்டம் என்று தெரிந்தாக வேண்டும். புல்லட் எறும்பு எனப்படும் பாராபொனெரா கிளவாட்டா மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளுக்கு வெளியே இயற்கையில் கிடையாது. 3 சென்டிமீட்டரைத் தாண்டும் டைனோபொனெரா தென் அமெரிக்காவுக்கே உரியது. மிர்மேசியா பேரினம் ஆஸ்திரேலியாவில் வாழ்கிறது. நியூ கலிடோனியாவில் ஒரே ஒரு சிற்றினம் உண்டு. நண்பர் சொன்ன டைனோமிர்மெக்ஸ், தாய்லாந்தின் தென்பகுதி முதல் மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ வரையிலான காடுகளைச் சேர்ந்தது. எனவே எந்தக் கண்டம், அங்கே ஈரக்காடா வறண்ட சமவெளியா என்ற இரண்டு விவரங்களே பட்டியலில் பாதியை அழித்துவிடும். உங்கள் ஊரின் பெயர் தேவையில்லை.

அத்துடன் எறும்பை மூன்று கோணங்களில் படம் எடுத்துப் போடுங்கள்: முகத்தை நேர் எதிரே வைத்து ஒன்று, முழு உடலும் பக்கவாட்டில் தெரியும்படி ஒன்று, மேலிருந்து ஒன்று. ஆன்ட்வெப் தளத்தில் அருங்காட்சியக மாதிரிகளை இந்த மூன்று கோணங்களில்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் ஒப்பிடுவதும் எளிதாக இருக்கும்.

பதிவு 4 | உருப்பெருக்கி

கலங்கலான படம்தான் என்றாலும், பின்னுடலின் முதல் வளையத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஓர் இறுக்கம் தெரிவதுபோல் எனக்குப் படுகிறது. அது பொனெரினே துணைக்குடும்பத்தின் அடையாளம். கருமை, நீண்ட கால்கள், தனித்து உலாவும் பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அதைச் சேர்ந்த டயகாம்மா பேரினம் என்று சொல்லத் தோன்றுகிறது. அப்படியானால் கொட்டும், கவனமாக இருங்கள்.

பதிவு 5 | பொடிநடை

விரைவாகப் பதிலளித்த மூவருக்கும் நன்றி. ஆசியா, வெப்பமண்டலம், வறண்ட சமவெளி. அருகில் அடர்ந்த காடு எதுவும் இல்லை. புதிய படங்கள் மூன்றையும் இணைத்துள்ளேன். பக்கவாட்டுப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியாக எடுத்ததால் இம்முறை தெளிவாக இருக்கிறது. நான் இரண்டாவது மேடு என்று எண்ணியது இடுப்பில் இல்லை என்று இப்போது ஐயப்படுகிறேன். நடுவுடலின் முதுகே ஒரே வளைவாக இல்லாமல் தகடு தகடாகப் பிரிந்து, முன்பகுதி கூன் விழுந்ததுபோல் உயர்ந்திருக்கிறது. அதன் பக்கவாட்டில் பழுப்பு நிறத்தில் சிறு வடுக்கள் இரண்டு இருக்கின்றன. காயமா என்று தெரியவில்லை.

பதிவு 6 | இடைக்கணு

அந்த வடுக்கள் காயமல்ல, சிறகுகள் இருந்த இடம். நீங்கள் பிடித்திருப்பது ராணி.

இதை நான் எப்படிச் சொல்கிறேன் என்பதையும் விளக்கிவிடுகிறேன். வேலைக்கார எறும்புக்குப் பறக்கும் வேலையே இல்லாததால் அதன் நடுவுடல் ஒல்லியாகவும், தகடுகள் ஒன்றோடொன்று இணைந்து வழவழவென்றும் இருக்கும். ராணிக்கோ பறப்பதற்கான தசைகள் அனைத்தும் அங்கேதான் இருந்தாக வேண்டும் என்பதால் அது பருத்து, முதுகுத் தகடுகள் தனித்தனியாகத் தெரியும்படி அமைந்திருக்கும். நீங்கள் கூன் என்று எழுதியது அதைத்தான். முகப்படத்தில் இரு கூட்டுக்கண்களுக்கும் மேலே, உச்சந்தலையில், மூன்று புள்ளிகள் முக்கோணமாக மின்னுவதைப் பாருங்கள். அவை தனிக்கண்கள். கட்டெறும்பு வகைகளின் வேலைக்கார எறும்புகளில், பெருந்தலை கொண்டவற்றிலும்கூட, இப்படி மூன்றும் தெளிவாக இருப்பதில்லை. பெருந்தலை எறும்புக்கும் ராணிக்கும் உள்ள வேறுபாட்டை மேலிருந்து பார்த்தே சொல்லிவிடலாம்: முன்னதற்கு நடுவுடலைவிடத் தலை வெகுவாக அகன்றிருக்கும், பின்னதற்கு நடுவுடல் தலைக்கு ஈடாகவோ சற்று அகலமாகவோ இருக்கும். உங்களுடையது இரண்டாவது வகை.

அடுத்தது பேரினம். இடுப்பில் ஒரே கணுதான் இருக்கிறது. முள் எதுவும் இல்லாமல் தட்டையாக நிமிர்ந்து நிற்கிறது. டயகாம்மாவாக இருந்தால் அந்தக் கணுவின் உச்சியில் இரண்டு கூர்முட்களும், உடலெங்கும் விரல்ரேகை போன்ற வரிகளும் இருந்திருக்கும். தவிரவும் டயகாம்மாவில் ராணி என்ற தனி உருவமே கிடையாது. இணைசேர்ந்த வேலைக்கார எறும்பு ஒன்றே முட்டையிடுகிறது. எனவே சிறகு வடு இருக்கிற எறும்பு டயகாம்மாவின் பெண்ணாக இருக்க வழியில்லை. பின்னுடல் வளையங்களுக்கு இடையே நண்பர் உருப்பெருக்கி நான்காம் பதிவில் சொன்ன இறுக்கம் இந்தப் படத்தில் இல்லை. முந்தைய படத்தில் குழாயின் ஒளிக்கோடு அந்த இடத்தில் விழுந்திருக்கிறது.

பின்னுடலின் நுனியில் கொடுக்கு இல்லை. வட்டமான சிறு துளையும் அதைச் சுற்றி மயிர் வளையமும் தெரிகின்றன. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும் இந்தத் துளை ஃபார்மிசினே துணைக்குடும்பத்துக்கே உரியது. உணர்கொம்புகள் முகத்தகட்டின் விளிம்பை ஒட்டித் தொடங்காமல் தள்ளிப் பின்னால் தொடங்குகின்றன. பின்காலின் அடிப்பகுதிக்கு மேலே மற்ற எறும்புகள் பலவற்றில் இருக்கும் சுரப்பித் துளை இங்கே காணப்படவில்லை. இவை மூன்றும் சேர்ந்தால் காம்போனோடஸ் என்ற பேரினத்தைத் தவிர வேறு எங்கும் போக எனக்கு மனம் வரவில்லை. நாம் கட்டெறும்பு என்று பொதுவாக அழைப்பவை பெரும்பாலும் இதைச் சேர்ந்தவையே. கட்டெறும்பைப் போல இருக்கிறது என்று நீங்கள் முதல் பதிவிலேயே எழுதியிருந்தீர்கள்.

எனக்கு இடிக்கிற ஒரே விஷயம் அந்த 26. சமவெளிக் காம்போனோடஸ் ராணிகளில் அவ்வளவு நீளத்தை நான் கண்டதில்லை.

பதிவு 7 | பஞ்சடைப்பு

அளவைப் பற்றி நான் ஒன்று கேட்கலாமா? முதல் படத்தில் எறும்பு குழாயின் மேற்சுவரில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டிருக்கிறது. அளவுகோல் குழாயின் அடியில் இருக்கிறது. குழாயின் விட்டம் எவ்வளவு, கைப்பேசியை எவ்வளவு உயரத்தில் பிடித்தீர்கள்?

பதிவு 8 | பொடிநடை

விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர். கைப்பேசி அளவுகோலிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்திருக்கும்.

பதிவு 9 | பஞ்சடைப்பு

அப்படியானால் கணக்கு எளிது. ஒளிப்படக்கருவிக்கும் அளவுகோலுக்கும் இடைவெளி 100 மில்லிமீட்டர். எறும்பு அதிலிருந்து சுமார் 18 மில்லிமீட்டர் மேலே, அதாவது கருவியிலிருந்து 82 மில்லிமீட்டரில் இருந்திருக்கிறது. அருகில் இருக்கும் பொருள் பெரிதாகத்தானே தெரியும்? 18 மில்லிமீட்டர் எறும்பு ஒன்று அந்த இடத்தில் இருந்தால், அடியில் உள்ள அளவுகோலில் அது ஏறத்தாழ 22 மில்லிமீட்டரை மறைக்கும். மிச்சம் 4 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்றால், படத்தில் நீங்கள் கோடு போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள்: முன்னால் நீட்டியிருக்கும் உணர்கொம்பின் வளைவிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். உடல் நீளம் என்பது மூடிய தாடையின் நுனியிலிருந்து பின்னுடலின் நுனி வரைதான். உணர்கொம்பும் காலும் கணக்கில் வராது.

குழாய்க் கண்ணாடியின் வளைவுதான் எறும்பைப் பெரிதாக்கியது என்று சிலர் சொல்வார்கள். காற்று மட்டுமே உள்ள மெல்லிய குழாயில் அந்த விளைவு அற்பமானது. நீர் நிரம்பிய பகுதியில்தான் அது லென்சாகிறது. அங்கும் குழாயின் குறுக்கே உள்ள அகலம் பெருகுமே தவிர நெடுக்கில் உள்ள நீளம் பெருகாது.

ஒரு தட்டையான ஒளிபுகும் பெட்டியின் அடியில் கட்டத்தாளை ஒட்டி, எறும்பு அடித்தளத்தில் நிற்கும்போது கைப்பேசியை நன்கு உயர்த்தி, உருப்பெருக்க வசதியைக் கொண்டு படம் எடுத்துப் பாருங்கள். எறும்பை அசையாமல் வைப்பதற்காகக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். புதிதாகக் குடும்பம் தொடங்கும் ராணிக்கு அந்தத் தொல்லை தேவையற்றது.

பதிவு 10 | பொடிநடை

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஐந்து படங்களில் அளந்ததில் குறைந்தது 17.6, அதிகம் 18.3. தலையின் அகலம் 3.8, நடுவுடலின் அகலம் 4.1. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என் வீட்டில் எழுத்துக்கு எழுத்து நடந்திருக்கிறது.

பதிவு 11 | உருப்பெருக்கி

டயகாம்மா என்ற என் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒளிக்கோட்டை உடலின் இறுக்கமாக எண்ணியது என் பிழை. கலங்கலான படத்துக்கு விடை சொல்லாமல் தெளிவான படம் கேட்டிருக்க வேண்டும்.

அளவைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. பின்னுடல் உணவாலும் முட்டையாலும் உப்பும், பட்டினியில் சுருங்கும். ஆகவே ஒரே எறும்பின் முழுநீளம் இரண்டு மாதங்களில் இரண்டு விதமாக வரக்கூடும். அதனால்தான் ஆய்வாளர்கள் வெபர் நீளம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்: நடுவுடலைப் பக்கவாட்டில் பார்த்து, அதன் முன்முனையிலிருந்து கீழ்ப்பின்முனை வரை சாய்வாக அளப்பது. ஓடு விறைப்பானது என்பதால் அந்த அளவு மாறாது. தலையகலத்துடன் இதையும் குறித்து வைத்தால் பின்னால் ஒப்பிடுவதற்கு உதவும்.

பதிவு 12 | நள்ளிரவு உலாவி

இருந்தாலும் டைனோமிர்மெக்ஸ் முற்றிலும் விலகிவிட்டதா? அதையும் முன்பு காம்போனோடஸ் என்றுதானே வகைப்படுத்தியிருந்தார்கள்? ராணி ஒன்று சற்றுச் சிறியதாகப் பிறந்திருக்கக் கூடாதா?

பதிவு 13 | இடைக்கணு

வகைப்பாட்டைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 1802இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேய் அதை விவரித்தபோது ஃபார்மிகா என்ற பேரினத்தில் வைத்தார். பின்னர் நெடுங்காலம் காம்போனோடஸ் ஜைகாஸ் என்றே வழங்கியது. 2016இல்தான் டைனோமிர்மெக்ஸ் தனிப் பேரினமாக உயர்த்தப்பட்டது. அதில் இருப்பது அந்த ஒரே சிற்றினம். ஆனால் அதன் சாதாரண வேலைக்கார எறும்பே 20 மில்லிமீட்டர் இருக்கையில், அதைவிடக் குறுகிய ராணி எப்படி வரும்? மேலும் அது மழைக்காட்டு எறும்பு. வறண்ட சமவெளியில் அதைத் தேடுவது வீண். பெரிய எறும்பைக் கண்டதும் பெரிய பெயரை நாடுகிற ஆசை எனக்கும் இருந்ததுண்டு, அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை.

பேருருவம் என்ற பேச்சு வந்ததால் ஒரு சொல். இன்று வாழும் எறும்புகளில் மிகப் பெரிய உடல்களுள் சில, ஆப்பிரிக்க டோரைலஸ் பேரினத்து ராணிகளுடையவை. முட்டை நிறைந்த நிலையில் அவை 5 சென்டிமீட்டரை எட்டுகின்றன. அதே பேரினத்து வேலைக்கார எறும்புகளில் சின்னவை சில மில்லிமீட்டரே இருக்கும். தாயையும் மகளையும் அருகருகே வைக்காமல் பார்த்தால் ஒரே இனம் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஜெர்மனியின் மெஸ்ஸல் குழியிலும் அமெரிக்காவின் வயோமிங்கிலும் கிடைத்த டைட்டனோமிர்மா புதைபடிவங்களில் 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவையும் ராணிகளே. இத்தகைய சாதனைகளில் ராணியின் அளவையா, வேலைக்கார எறும்பின் அளவையா சொல்கிறார்கள் என்று நான் எப்போதும் தேடிப் பார்ப்பது வழக்கம்.

பதிவு 14 | பொடிநடை

அப்படியானால் இது காம்போனோடஸில் எந்தச் சிற்றினம்?

பதிவு 15 | இடைக்கணு

இன்றைக்குச் சொல்ல மாட்டேன். காம்போனோடஸ் பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன; அவற்றைப் பிரித்துக் காட்டும் குறிப்புகள் பெரும்பாலும் வேலைக்கார எறும்புகளை, அதிலும் பெருந்தலை எறும்புகளை வைத்து எழுதப்பட்டவை. நடுவுடலின் முதுகு ஒரே சீரான வில்லாக வளைந்திருக்கும் என்று காம்போனோடஸ் பற்றிப் படித்திருப்பீர்கள். அதுவே ராணிக்குப் பொருந்தாததால்தான் நீங்கள் தொடக்கத்தில் குழம்பினீர்கள். பின்னுடலில் பொன்னிறப் பட்டு மயிர் இல்லாததால் காம்போனோடஸ் செரிசியஸ் அல்ல என்று சொல்லலாம். உடல் முழுவதும் கருமையாக இருப்பதால் காம்போனோடஸ் கம்ப்ரெஸ்ஸஸ் என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் ஊகத்தை நீட்டினால் பெயர்ச்சீட்டு அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. மகள்கள் வரட்டும்.

பதிவு 16 | பஞ்சடைப்பு

ராணி என்று ஆகிவிட்டதால் வளர்ப்பு முறையை மாற்றுங்கள். குழாயின் மூன்றில் ஒரு பங்கு நீர், அதை அடைத்து ஒரு பஞ்சு, எறும்புக்கு இடம், வாயில் இன்னொரு பஞ்சு. நீரைத் தொடும் பஞ்சு ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் கசியக் கூடாது. இருட்டான, அதிர்வில்லாத இடத்தில் வைத்துவிட்டு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பார்க்காதீர்கள். காம்போனோடஸ் ராணிகள் தம்மை அடைத்துக்கொண்டு குடும்பம் தொடங்குபவை. இனிப் பயன்படாத பறக்கும் தசைகளையும் உடற்கொழுப்பையும் கரைத்துத்தான் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டும். பரிதாபப்பட்டு உணவு வைத்தால் பூஞ்சைதான் வளரும். அடிக்கடி வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால் முட்டைகளைத் தானே தின்றுவிடவும் கூடும்.

பதிவு 17 | பொடிநடை (மூன்று வாரங்களுக்குப் பின்)

ஒன்பது முட்டைகள் இட்டது. அவற்றில் ஆறு புழுக்களாகிவிட்டன. ஆனால் எனக்கு ஓர் அச்சம் இருக்கிறது. சிறகு உதிர்ந்திருந்ததே தவிர, இணைசேர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. முட்டையும் புழுவும் வந்ததே போதிய சான்றாகுமா?

பதிவு 18 | உருப்பெருக்கி

ஆகாது. இணைசேராத ராணியும் சிறகை உதிர்ப்பதுண்டு, முட்டையும் இடும். எறும்புகளில் கருவுறாத முட்டையிலிருந்து ஆணும், கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் பிறப்பதால், விடை புழுவைப் பார்த்துத் தெரியாது. புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிய பிறகுதான் ஓரளவு தெரியும். முதல் ஈட்டு வேலைக்கார எறும்புகள் மிகச் சிறியவை, அவற்றின் கூடுகளும் சிறியவை. கூடுகள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளே ஆண்கள் இருக்கலாம். அப்படி ஆனால் இந்தக் குழாயில் குடும்பம் உருவாகாது. இப்போதைக்குப் பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லை.

பதிவு 19 | பொடிநடை (நாற்பத்தொன்பதாம் நாள்)

கூடுகள் ஐந்தும் சிறியவையாகவே இருந்தன. நேற்று இரவு ராணி ஒரு கூட்டைத் தாடையால் கிழித்துத் திறந்திருக்கிறது. இன்று காலையில் வெளிர் மஞ்சள் நிறத்தில் முதல் மகள் அதன் காலடியில் தடுமாறி நின்றது. மாலைக்குள் பழுப்பேறிவிட்டது. கட்டத்தாளின் மேல் வைத்து, அடித்தளத்தில் நிற்கும்போது, உணர்கொம்பை விட்டுவிட்டு அளந்தேன்: 6 மில்லிமீட்டர். தாயின் மூன்றில் ஒரு பங்கு. முதுகு நீங்கள் சொன்ன அதே வில் வளைவு. தகடும் இல்லை, கூனும் இல்லை. பக்கவாட்டுப் படத்தை இணைத்துள்ளேன். இனத்தின் பெயரை இப்போதாவது எழுதலாமா?

பதிவு 20 | இடைக்கணு

வாழ்த்துகள். பேரினத்தைப் பற்றி எனக்கிருந்த சிறு தயக்கமும் இந்தப் படத்தோடு போய்விட்டது. ஆனால் முதல் ஈட்டு மகள்கள் எல்லா இனங்களிலும் இப்படிக் குட்டையாகவும் ஒரே மாதிரியாகவும் இருப்பதால் சிற்றினத்துக்கு இவை போதமாட்டா. குடும்பம் பெருகிப் பெருந்தலை எறும்புகள் வரத் தொடங்கியதும் ஒன்றின் முகத்தை நேர் எதிரே வைத்து எடுத்துப் போடுங்கள்; பின்கால்களின் கீழ்க்கணுவில் உட்புறமாக முட்போன்ற மயிர் வரிசை இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை குழாயின் சீட்டில் காம்போனோடஸ் என்ற பேரினப் பெயரையும், பிடித்த தேதியையும், ராணி 18 மில்லிமீட்டர் என்பதையும் மட்டும் எழுதுங்கள்.

பதிவு 21 | பஞ்சடைப்பு

இனி உணவு வைக்கலாம். சர்க்கரை நீர் ஒரே ஒரு துளி, மூழ்கிவிடாத அளவுக்கு. சின்னப் பூச்சி ஒன்றின் துண்டு. மறுநாளே மிச்சத்தை எடுத்துவிடுங்கள். குழாயை மாற்ற வேண்டாம், ஐவரும் வெளியே வரட்டும்.

பதிவு 22 | பொடிநடை

சீட்டை எழுதி ஒட்டிவிட்டேன். இரண்டாவது கூடும் அசைகிறது.